மூன்றாவது பூட்டு

அத்தியாயம் 17

போன வாரம் ஒரு கையில் பசை வாளியும் மறு கையில் நோட்டீசுமாக சுவாதியை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்தோம். இன்று காலை எட்டரை மணிக்கு அதே கேட்டின் முன்னால் அவள் மறுபடியும் நின்றாள். அவள் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. ஒரு மூலையை மட்டும் யார் வீட்டு ஆடோ தின்றிருந்தது.

ஓசூர் மாநகராட்சியில் சுகாதார ஆய்வாளராக அவள் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பூட்டிக் கிடக்கும் வீடுகள், புதர் மண்டிய காலி மனைகள் என்று நாற்பத்து மூன்று இடங்களுக்கு நோட்டீஸ் போட்டிருந்தாள். ஏழு நாளில் உரிமையாளர் சுத்தம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மாநகராட்சியே பூட்டை வெட்டி உள்ளே போகும். செலவும் அபராதமும் வீட்டு வரியோடு சேர்ந்து வரும்.

நாற்பத்து இரண்டு இடத்தில் விறுவிறுவென்று ஒட்டிவிட்டாள். நாற்பத்து மூன்றாவது அவளுடைய தாத்தா வீடு. கம்ப்யூட்டர் தந்த பட்டியலில் 'கோவிந்தப்பன்' என்ற பெயரும் புதுக் கதவு எண்ணும்தான் இருந்தன. ஓசூரில் கோவிந்தப்பன்களுக்கா பஞ்சம்? கேட்டைப் பார்த்த பிறகுதான் அது தன் தாத்தா என்று அவளுக்கு உறைத்தது. செத்து ஐந்து வருஷமான மனுஷருக்குப் பேத்தியே நோட்டீஸ் கொடுத்த கதையைச் சொல்லித் தெருவே சிரித்தது.

இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

எதிர்வீட்டு ஃபகருன்னிசா பிளாஸ்கும் துணிப்பையுமாக வெளியே வந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். அவளுடைய மகள் ருக்ஸாருக்கு டெங்கு வந்து இன்றோடு ஐந்தாவது நாள். அந்தத் தெருவில் அது மூன்றாவது காய்ச்சல்.

"உன்னத் திட்டறதுக்கு வரலம்மா. உள்ள கெடக்கற அந்தத் தொட்டிய மட்டும் கவுத்துடு. எனக்கு அது போதும்" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று சுவாதிக்குத் தோன்றியது.

ஃபகருன்னிசாவின் மாடியிலிருந்து அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். மூடியில்லாத சிமெண்டுத் தொட்டி, அதில் பச்சைத் தண்ணீர், போகிற வருகிறவர்கள் எறிந்த டயர்கள், இடுப்புயரப் பார்த்தீனியம். வீட்டின் பின்பக்கத்தை மாமரம் மறைத்தது. அந்தப் பக்கமிருந்து சில நாள் தாளிக்கிற வாசனை வருவதாகவும், பின்தெருவில் புதிதாக மெஸ் ஏதோ வந்திருக்கும் என்றும் ஃபகருன்னிசா சொல்லியிருந்தாள். சுவாதிக்கு அப்போது தொட்டியைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை.

கேட்டைத் திறந்து தொட்டியைக் கவிழ்க்க அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த கேட்டில் தொங்குவது சாதாரணப் பூட்டு இல்லை.

தாத்தா இறந்த நாற்பதாம் நாள், வீட்டைத் தொழிற்சாலைப் பையன்களுக்கு வாடகைக்கு விடலாம் என்றார் சுவாதியின் அப்பா மாதேஸ்வரன். வேண்டாம் என்றாள் அவருடைய தங்கை சுகுணா. பேச்சு முற்றியது. கடைசியில் மாதேஸ்வரன் வாயிலிருந்து, "கட்டிக் குடுத்துட்ட பொண்ணுக்கு இந்த வீட்டுல என்ன பேச்சு" என்று ஒரு வார்த்தை வந்து விழுந்தது. சுகுணா கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து கேட்டில் மாட்டினாள்.

மாதேஸ்வரனும் சும்மா இருக்கவில்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷமாக மெயின்டனன்ஸ் வேலை பார்ப்பவர். மெஷினுக்குள் ஆள் இறங்கும்போது சுவிட்சில் மாட்டும் சிவப்புக் கொக்கி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஆறு ஓட்டை. வேலை செய்கிற ஒவ்வொருவரும் ஒரு ஓட்டையில் தன் பூட்டைப் போடுவார்கள். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் கொக்கி வாயைத் திறக்கும், மெஷின் ஓடும். தங்கையைப் பூட்டைக் கழற்றச் சொல்லி, அந்தக் கொக்கியை கேட் தாழ்ப்பாளில் மாட்டி, தங்கையின் பூட்டையும் தன் பூட்டையும் அதில் போட்டார். நீ இல்லாமல் நானும் நுழைய மாட்டேன், நான் இல்லாமல் நீயும் நுழைய முடியாது. அவரைப் பொறுத்தவரை இதைவிட நியாயம் உலகத்தில் கிடையாது.

அப்படிப்பட்ட நியாயத்தில்தான் ஐந்து வருஷமாகக் கொசு வளர்ந்தது.

சுவாதி கொக்கியை உற்றுப் பார்த்தாள். அதில் மூன்று பூட்டுகள் தொங்கின. இரண்டில் துரு ஏறியிருந்தது. மூன்றாவது பித்தளைப் பூட்டு மட்டும் பளபளவென்று இருந்தது.

பத்து மணிக்கு அலுவலகத்தில் மேலதிகாரி ராஜப்பன் அவளைக் கூப்பிட்டார். பாகலூர் சாலையில் காலி மனை வைத்திருக்கும் ஹரீஷ்குமார் போன வாரம் அபராதம் கட்டியவன். ஆய்வாளர் வீட்டு கேட் மட்டும் தங்கத்தில் செய்ததா என்று அவன் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தான். எழுபது பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

"சார், இந்த ஒரு வீட்ட வேற யாராச்சும் பாத்துக்கட்டும்" என்றாள் சுவாதி.

ராஜப்பன் தலையை ஆட்டி மறுத்தார். "வேற ஆள அனுப்பினா நீ ஒளிஞ்சுகிட்டன்னு சொல்லுவான். அஞ்சு மணிக்கு நானும் வர்றன். கேட் தொறக்கலன்னா கட்டர் உன் கையிலதான் இருக்கணும்."

அவர் சொல்வதில் தப்பு ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது மாதேஸ்வரன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா வைத்த ராகிக் களி தட்டில் ஆறிக் கிடந்தது.

தன் சாவியை அவர் மேஜை மேல் தயாராக எடுத்து வைத்திருந்தார். தன் பூட்டை எப்போது வேண்டுமானாலும் கழற்றத் தயார் என்றார். ஆனால் சுகுணாவின் பூட்டை யாரும் தொடக்கூடாது. சுகுணாவிடம் போய்க் கேட்கவும் அவர் தயாராக இல்லை. போன வருஷம் ஆடிப்பெருக்கு அன்று மனசு கேட்காமல் தன் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தங்கைக்கு போன் பண்ணலாம் என்றுதான் அந்த வீட்டுக்குப் போனாராம். போய்ப் பார்த்தால் சுகுணா இரண்டாவதாக இன்னொரு பூட்டு போட்டிருந்தாள்.

"ஒரு பூட்டு போட்டா கோவம்னு நெனச்சுக்கலாம். ரெண்டாவது பூட்டு போட்டா, அண்ணன் திருடன்னு அர்த்தம். அப்பிடியே திரும்பி வந்துட்டன்."

"அஞ்சு மணிக்கு நான் வெட்டியாகணும்ப்பா."

மாதேஸ்வரன் நிமிர்ந்தார். அவர் கோபப்பட்டு அதிகம் பார்த்ததில்லை சுவாதி. இப்போது பார்த்தாள்.

"வெட்டிட்டு இந்த வீட்டுக்கு வராத. எம் மூஞ்சில முழிக்காத."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது சுவாதிக்கும் தெரியும். அவள் பள்ளியில் படிக்கும்போது நடந்தது. அப்பாவோடு வேலை பார்த்த மாடசாமி ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்து ஒரு சூப்பர்வைசர் அவனுடைய பூட்டை வெட்டி மெஷினை ஓடவிட்டார். மாடசாமி போகவில்லை, உள்ளேதான் இருந்தான். அவனுடைய வலது கை போயிற்று. ஆம்புலன்சில் அவனை மடியில் போட்டுக்கொண்டு போனவர் மாதேஸ்வரன். அன்றிலிருந்து ஒருத்தன் பூட்டை இன்னொருத்தன் வெட்டுவது என்றாலே அவருக்கு உடம்பு நடுங்கும்.

வெட்டாமல் விட்டால் நேர்மை போகும். பூட்டை வெட்டினால் அப்பா போவார். வாசல் வரை போன சுவாதி சட்டென்று திரும்பி வந்தாள்.

"அப்பா, ஒண்ணு மட்டும் சொல்லு. உங்க கம்பெனில பூட்டு போட்ட ஆளு வரவேயில்ல. மெஷின ஓட்டியே ஆகணும். அப்ப என்ன பண்ணுவீங்க?"

முப்பது வருஷமாகப் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். "மொதல்ல அந்த ஆளத் தேடணும். போன்ல இல்ல, நேர்ல. மூஞ்சிய மூஞ்சி பாத்துக் கேக்கணும். உள்ள யாரும் இல்லன்னு மூணு தரம் கூப்பிட்டுப் பாக்கணும். அப்பறந்தான்…"

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

"யாரு தேடிப் போகணும்?" என்று கேட்டாள் சுவாதி.

"கூட வேலை செய்யறவன்" என்றார் அவர், மெதுவாக.

அவள் வெளியே கிளம்பினாள். தெருமுனை திரும்பும்போது பின்னால் அப்பா வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டது. இரண்டு உதை, மூன்று உதை. நான்காவது உதையில் வண்டி கிளம்பியது. சுவாதிக்குத் தெருவில் நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. சீருடையில் இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

கெலமங்கலத்துக்கு வெளியே சுகுணாவின் ரோஜாத் தோட்டம். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே பூவை இருபது இருபதாகக் கட்டிக்கொண்டிருந்தாள். வேலையாட்களோடு தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டிருந்தவள், வாசலில் அண்ணன் தலை தெரிந்ததும் பேச்சை நிறுத்தினாள். கை மட்டும் நிற்கவில்லை.

மாதேஸ்வரன் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. ருக்ஸார் ஆஸ்பத்திரியில் கிடப்பதைச் சொன்னார். சுவாதியின் நிலைமையைச் சொன்னார். ஐந்து மணிக் கெடுவைச் சொன்னார். சுகுணா தலையைத் தூக்கவேயில்லை.

"பூட்டு உன்னோடது. நீ வந்துதான் தொறக்கணும். அதான் ரூல்" என்று முடித்தார்.

"ரூலுக்காகத்தான் வந்தியா?"

அவர் ஒரு ரோஜாக் கட்டை எடுத்தார், திருப்பினார், மறுபடியும் வைத்தார். முள் குத்தியது. "அன்னிக்கு அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாதும்மா. அது அப்பா கட்டுன வீடு. உனக்கும் அப்பாதான்."

ஐந்து வருஷமாக அவள் எதிர்பார்த்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். வந்தவுடன் அழுதுவிடக் கூடாது என்று சுகுணா உள்ளே போய்விட்டாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கால் மணி நேரம் கழித்து முகம் கழுவி, நல்ல புடவை கட்டி, தோட்டத்து வேலையைக் கங்காணியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். இடுப்புச் சாவிக்கொத்தை இழுத்துக் காட்டினாள். அந்தப் பூட்டுச் சாவி ஐந்து வருஷத்தில் ஒரு நாளும் கொத்தை விட்டு இறங்கியதில்லை.

"எல்லாச் சாவியும் எடுத்துகிட்டியா?" என்று கேட்டார் மாதேஸ்வரன்.

"நீ எல்லாத்தையும் எடுத்துகிட்டியா, அதப் பாரு" என்றாள் சுகுணா. சொல்லிவிட்டு அவருடைய வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

ராயக்கோட்டை சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே திரும்ப முயன்று நின்றுவிட்டது. முன்னால் பஸ், பின்னால் தக்காளி ஏற்றிய டெம்போ, சுற்றிலும் ஷிப்ட் பஸ்கள். மணி நான்கு இருபது. மாதேஸ்வரன் சுவாதிக்கு போன் பண்ணினார். ஹாரன் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. ஐந்து வருஷமாக அண்ணனோடு பேசாத சுகுணா வண்டியிலிருந்து இறங்கி, லாரிக்காரனைக் கன்னடத்தில் ஒரு பிடி பிடித்தாள். லாரி எப்படியோ ஒதுங்கியது.

நான்கு ஐம்பதுக்கு கேட்டின் முன்னால் தெருவே கூடியிருந்தது. மருந்து அடிக்கும் மெஷினோடு ஆறு பேர் தயாராக நின்றார்கள். ராஜப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹரீஷ்குமார் போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஃபகருன்னிசா தன் வீட்டு வாசலில் நின்றாள்.

சுவாதியின் கையில் கட்டர். அப்பா வருவார் என்று அவளுக்குத் தெரியும். எப்போது வருவார் என்றுதான் தெரியவில்லை.

நான்கு ஐம்பத்தைந்து. நான்கு ஐம்பத்தாறு.

தெருமுனையில் அந்த வண்டியின் சத்தம் கேட்டது. அவளுக்கு அந்தச் சத்தம் பிறந்ததிலிருந்து பழக்கம். வண்டியில் இரண்டு பேர் இருந்தார்கள். அத்தையின் நல்ல புடவை காற்றில் படபடத்தது. சுவாதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஹரீஷ்குமார் படம் எடுப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

மாதேஸ்வரன் யாரையும் பார்க்காமல் நேராக கேட்டுக்குப் போனார். தன் பூட்டில் எண்ணெய் விட்டார். சாவியைத் திருப்பினார். பூட்டு திறந்தது. ஒதுங்கி நின்று தங்கையைப் பார்த்தார்.

சுகுணாவின் பூட்டு அடம் பிடித்தது. அண்ணனே எண்ணெய் விட்டார், ஒரு தட்டுத் தட்டினார், மறுபடி விட்டார். சுகுணா பல்லைக் கடித்துத் திருப்பினாள். அதுவும் திறந்தது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

பித்தளைப் பூட்டு மட்டும் கொக்கியில் பாக்கி இருந்தது.

அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"தொற" என்றார் மாதேஸ்வரன்.

"நீ தொற" என்றாள் சுகுணா.

"உன்னோடது ரெண்டு. ஒண்ணுதான தொறந்திருக்க?"

"என்னோடது ரெண்டா?" சுகுணாவின் குரல் ஏறியது. "நான் தைப்பொங்கலுக்கு இங்க வந்தன். உன்ன வரச் சொல்லி, சேந்து தொறந்து, அப்பா படத்துக்கு ஒரு வெளக்கு ஏத்தலாம்னு வந்தன். நீ புதுசா இன்னொரு பூட்டு போட்டு வெச்சிருந்த. அதப் பாத்துட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகிட்டே போனன்."

மாதேஸ்வரன் அந்தப் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் வந்தது ஆடியில். அவள் வந்தது தையில். இரண்டு பேரும் சமாதானத்துக்குத்தான் வந்தார்கள். இரண்டு பேரையும் ஒரே பூட்டு திருப்பி அனுப்பியிருக்கிறது.

"நான் போடல சுகுணா" என்றார்.

"நானும் போடலண்ணா."

அந்த 'ண்ணா' அவளை அறியாமல் வந்தது. அவர் அவளுடைய தலையில் கையை வைத்தார். ஹரீஷ்குமார்கூட போனைக் கீழே இறக்கினான்.

மணி ஐந்து ஆயிற்று.

"யார் பூட்டா இருந்தாலும் கெடு முடிஞ்சிருச்சு" என்றார் ராஜப்பன். குரலில் கண்டிப்பு குறைந்திருந்தது. ஆனாலும் கண்டிப்புதான்.

சுவாதி கட்டரின் வாயை விரித்துப் பித்தளைப் பூட்டில் வைத்தாள்.

"இரு" என்றார் மாதேஸ்வரன்.

சுவாதி திரும்பிப் பார்த்தாள். இதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டாரா?

"வெட்டு. நான் ஒண்ணும் சொல்லல. உன் வேல அது. ஆனா கூப்பிட்டுப் பாத்துட்டு வெட்டு. மூணு தரம் கூப்பிடணும்."

ராஜப்பன் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டில் யாரைக் கூப்பிடுவது? கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். மாதேஸ்வரன் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கம்பெனியில் மெஷின் முன்னால் நிற்பதுபோல நேராக நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

மாமரத்தில் ஒரு காகம் கிளம்பிப் போனது.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

சுகுணா அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சுவாதியின் விரல்கள் கட்டரின் கைப்பிடியில் இறுகின.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

வீட்டுக்குள்ளே ஒரு தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. இருட்டுக்குள்ளிருந்து, நல்ல அதட்டலாக ஒரு பெண்குரல் கேட்டது.

"யாருங்க நீங்கல்லாம்? என் வீட்டு வாசல்ல என்ன கூட்டம்?"

சுவாதி கட்டரைத் தரையில் வைத்தாள். அந்த வீடு யாருடையது என்று ஐந்து வருஷம் முறைத்துக்கொண்டிருந்த அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.